கட்டுப் பிரிக்காத கோட்டுகள்

அமெரிக்கக் கோட்டுகள் பூனாவில் கோர்படி ராணுவக் கிடங்கில் வந்து இறங்கியபோது அவற்றோடு ஒரு தாளும் வந்தது. கோட்டுகளை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். தாளைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

அறுபத்திரண்டாம் வருஷத்துக் குளிர்காலம் அது. வடக்கே சீனாவோடு நடந்த சண்டை நின்று சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மறுபடியும் தொடங்கும் என்றே எல்லோரும் நினைத்தோம். நம் ஆட்கள் பருத்திச் சட்டையோடும் கான்வாஸ் ஜோடுகளோடும் பனியில் நின்றார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு அமெரிக்கா உதவிக்கு வந்தது. துப்பாக்கிகள் வேறெங்கோ போயின. எங்களுக்கு வந்தவை கோட்டுகள். பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ரயிலில் வந்து, எங்கள் கிடங்கில் தங்கி, கேட்கிற பட்டாளங்களுக்குப் பிரிந்து போக வேண்டியவை. உள்ளே இறகு அடைத்தவை. கையில் எடுத்தால் கனமே இருக்காது. ஒரு கட்டைப் பிரித்து, சுமை தூக்குகிறவர் ஒருவர் ஒன்றை மாட்டிக்கொண்டு பார்த்தார். மூச்சு விடுவதற்குள் வியர்த்துக் கழற்றிப் போட்டார். பூனாவின் குளிருக்கு அது தேவையில்லை.

தாளில் இருந்தது இதுதான். இந்தக் கோட்டுகள் சீன எல்லையில் நிற்கும் பட்டாளங்களுக்கு மட்டும். பாகிஸ்தானைப் பார்த்து நிற்கும் பட்டாளங்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் பாகிஸ்தானும் அவர்களுடைய நண்பன். தனியாக அடுக்கி வைக்க வேண்டும். அவர்கள் ஆள் வந்து எண்ணிப் பார்ப்பார்.

நான் அந்தக் கிடங்கில் குமாஸ்தா. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் சரிபார்க்கிற கேங்மேன், சம்பளத்துக்குக் கட்டைவிரல் வைக்கிறவர். அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. எங்கள் வம்சத்தில் முதலில் எழுத்தைக் கண்டவன் நான். அப்படி வந்தவனுக்கு ஒரு நோய் உண்டு. அச்சில் இருப்பதெல்லாம் அப்படியே நடந்தாக வேண்டும் என்று நம்புவான். தலைமுறை தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த விதிக்கு எழுந்து நிற்க வேண்டும், எந்த விதியைப் பார்த்துக் கண்ணடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரியும். எனக்கு எல்லா விதியும் ஒரே விதி. அந்தத் தாளை நான் மனப்பாடம் செய்தேன்.

தலைமைக் குமாஸ்தா ஒரு மராத்திக்காரர். என் ஆங்கிலத்தில் பிழை இருக்காது என்பதால் நான் அடுக்கி வைக்கிற தாள்களைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். வாயில் வெற்றிலை இருக்கும்; கை மட்டும் ஓடும். அதை நான் பெரிய மரியாதையாக நினைத்திருந்தேன்.

ரயில்வே லைன் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பெரிம்மா இருந்தாள். ரத்த உறவில்லை, அவள் புருஷன் அப்பாவோடு கேங்கில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். வட ஆற்காட்டிலிருந்து எங்களோடு ஒரே ரயிலில் வந்தவர்கள். மளிகைக் கடையில் தானியம் புடைத்துத்தான் அவள் தன் ஒரே மகனை வளர்த்தாள். அவன் பட்டாளத்தில் சேர்ந்து, அப்போது காஷ்மீரில், பாகிஸ்தானைப் பார்த்த ஒரு மலை உச்சியில் நின்றான்.

அவனுக்கு அவள் சொல்ல நான் எழுதுவேன். அவனிடமிருந்து வருவதையும் நான்தான் படிப்பேன். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், குடங்கள் வரிசையில் நிற்க, எல்லோர் காதிலும் விழும்படி படிக்க வேண்டும்; அது அவளுக்குப் பெருமை. கடிதம் படிக்கிறவன் கெட்ட சேதியைக் கொஞ்சம் விழுங்கிப் படிப்பது எங்கள் லைனில் வழக்கம். காய்ச்சல் என்று இருந்தால் சளி என்று படிப்பேன். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள்.

அந்த மார்கழியில் வந்த கடிதத்தில், பக்கத்து மலைகளில் சீனாவைப் பார்த்து நிற்கிறவர்களுக்கு இறகுக் கோட்டு வந்திருக்கிறது, எங்களுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தான். அதைப் படித்தேன். ராத்திரியில் கால் மரத்துப்போகிறது, காலையில் பூட்ஸைக் கழற்றப் பயமாக இருக்கிறது என்ற இரண்டு வரிகளை விழுங்கினேன்.

பெரிம்மா குடத்தைக் கீழே வைத்தாள். அந்தக் கோட்டு என் கிடங்கில்தான் இருக்கிறது என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்றை அனுப்பி வை என்றாள். நான் அவளுக்கு நிபந்தனையை விளக்கினேன். கொடுக்கிறவன் யாருக்கு என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறான், நாம் ஒப்புக்கொண்டுதான் வாங்கியிருக்கிறோம் என்றேன். பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"ஏம்பா," என்றாள், "பனிக்கு அது தெரியுமா? இவன் சீனாக்காரனப் பாத்து நிக்கிறான், அவன் பாகிஸ்தானப் பாத்து நிக்கிறான்னு ஆளு பாத்தா அடிக்கிது?"

குழாயடியில் சிரித்தார்கள். அவளோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

அடுத்த வாரம் வேறொரு தாள் என் மேசைக்கு வந்தது. ஒரு பட்டாளம் குளிர் கோட்டு கேட்டு எழுதியிருந்தது. அதன் எண்ணை நான் படிக்கக்கூடத் தேவையில்லை. மாதா மாதம் பெரிம்மாவின் கடிதத்து உறையில் என் கையால் எழுதுகிற எண் அது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவன் என்பதற்காக வளையக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'நிபந்தனை இடம் தரவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டச்சு செய்து அடுக்கில் வைத்தேன். தலைமைக் குமாஸ்தாவின் கை ஓடியது. அன்று நான் வீட்டுக்கு நடந்தபோது இருந்த பெருமிதம் இப்போதும் நினைவிருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது சுலபம்.

பொங்கலையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கேம்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஊர்த் தமிழர்கள் கூடிப் பட்டிமன்றம் நடத்தினார்கள். நிபந்தனையோடு வரும் ஆயுத உதவியைப் பெறலாமா, கூடாதா என்பது தலைப்பு. பெறலாம், நிபந்தனையையும் மதிக்க வேண்டும் என்ற கட்சிக்கு என்னைப் போட்டார்கள். எதிர்க்கட்சிக்கு ஒரு வங்கி அதிகாரி. என் அப்பாவும் பெரிம்மாவும் கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். லைனிலிருந்து ஒருவன் மேடை ஏறுகிறான் என்று அவள் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அதிகாரி நன்றாகப் பேசினார். வீடு பற்றி எரிகிறது, பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, கூடத்துக்கு மட்டும் ஊற்று, கொல்லைப்புறத்துக்கு ஊற்றாதே, அந்தப் பக்கத்துக்காரன் எனக்கு வேண்டியவன் என்கிறான், இதற்குப் பெயர் உதவியா என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். ஆயுதம் கொடுக்கிறவனுக்கு அது யார்மேல் பாயும் என்று கேட்கும் உரிமை உண்டு. கேட்காமல் கொடுப்பவன் நண்பன் அல்ல, வியாபாரி. கொடுத்த வாக்கைக் காத்தால்தான் இரண்டாம் முறை கை நீளும் என்றேன். அந்த வாதம் தவறு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது அதிகாரி சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"தம்பி தர்ம விடுதியில படிச்சவர். சோறு போடற புண்ணியவான் வந்தா வரிசையா நின்னு கைகூப்பிப் பாடணும். அது அங்க நிபந்தனை. பழக்கம் விடலை, பாவம். இப்ப வாஷிங்டனைப் பார்த்துப் பாடறார்."

மண்டபம் அதிர்ந்தது. நாங்கள் பாடியது உண்மைதான். குரல் சரியில்லாதவனுக்கு அன்று மோர் கிடையாது என்பதுகூட உண்மை. கைதட்டலுக்கு நடுவில் அப்பாவும் சிரிப்பதைப் பார்த்தேன். அவருக்கு விளங்கவில்லை, எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

அந்த ஒரு நிமிஷத்தில் கையில் கிடைத்ததை எடுத்து அடித்தேன். நான் வெறுமனே பேசுகிறவன் இல்லை, செய்கிறவன் என்றேன். என் லைனில் வளர்ந்தவன் ஒருவன் பனியில் நிற்கிறான், அவன் பட்டாளம் கோட்டு கேட்டது, கேட்ட தாள் என் கைக்கே வந்தது, நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு என் கையாலேயே திருப்பி அனுப்பினேன் என்றேன். அத்தோடும் விடவில்லை. அவன் தாய் என்னிடம், பனி ஆள் பார்த்தா அடிக்கிறது என்று கேட்டாள் என்று, அவள் குரலிலேயே, இழுத்து, சொல்லிக் காட்டினேன். அதற்கு வந்த சிரிப்பு அதிகாரிக்கு வந்ததைவிடப் பெரியது. பரிசு எனக்குத்தான். ஒரு பவுண்டன் பேனா.

சுவரோரம் பார்த்தேன். பெரிம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்ட தாள் என்னிடம் வந்ததும், நான் திருப்பியதும் அதுவரை அவளுக்குத் தெரியாது.

மறுநாள் குழாயடியில் அவள் எதுவும் சத்தமாகக் கேட்கவில்லை.

"கோட்டு இருந்துச்சா?"

"இருந்தது."

"வேற யாராச்சும் வாங்கிக்கினாங்களா?"

"இல்ல பெரிம்மா. கட்டாத்தான் இருக்கு."

சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாதக் கடைசியில் அமெரிக்கர் எண்ண வந்தார். நல்ல மனிதர். கிடங்கில் நுழைந்ததும் தும்மினார், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். கட்டுகளை எண்ணினார், ஒன்றும் குறையவில்லை. தான் பார்த்த கிடங்குகளில் இந்த அளவு ஒழுங்கு எங்கேயும் இல்லை என்று சொல்லி, எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அவருடைய ஜீப் போன பிறகு தலைமைக் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார். எப்படி ஒன்றுகூடக் குறையவில்லை, யாருமே கேட்கவில்லையா என்றார். கேட்டார்கள், திருப்பி அனுப்பினேன், நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்று தாளின் நகலை எடுத்துக் காட்டினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். படித்தார்.

"அரே பாபா," என்றார், இந்தியில், மெதுவாக. "தாள் வெள்ளைக்காரனுக்கு. கோட்டு நம்ம ஆளுக்கு. இதையா நீ நிஜம்னு எடுத்துக்கிட்டே?"

மற்றக் கிடங்குகளில் எல்லாம் கேட்ட பட்டாளத்துக்குக் கொடுத்தார்களாம். அதிலிருந்து போனதற்குப் பதில் நம் நாட்டுக் கோட்டைக் கட்டி அடியில் வைத்து, மேல் வரிசையை மட்டும் காட்டுவார்களாம். எண்ணுகிறவருக்கும் அது தெரியுமாம்; அதனால்தான் அடிக்கட்டைப் பிரிக்கச் சொல்லமாட்டாராம். கேட்ட தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கோட்டுகளை அனுப்பியிருப்பேன் என்றார். திட்டவில்லை. பரிதாபப்பட்டார். அவருடைய தாத்தா பள்ளி வாத்தியார்.

அறிக்கை கையெழுத்தாகிற வரைக்கும் எதையும் நகர்த்த முடியாது, வருகிற வாரம் அனுப்பிவிடலாம் என்றார். அந்த வாரத்துக்குள் கடிதம் வந்துவிட்டது.

உறையில் அவன் கையெழுத்து இல்லை. பெரிம்மா அதைக் குழாயடிக்கு எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். கொட்டகைக்குப் போய்ப் படிக்கலாம் என்றேன்.

"இங்கியே படி. எழுதினத எழுதினபடி படிக்கணும். ஒரு எழுத்து முழுங்கக் கூடாது. சத்தமா."

குடங்கள் நின்றன. படித்தேன். ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து பக்கத்துப் படுக்கைக்காரன் எழுதியிருந்தான். உங்கள் மகனுக்கு இடது காலில் விரல்கள் எல்லாம் எடுத்துவிட்டார்கள். வலது காலில் மூன்று எடுத்தார்கள். கைவிரல்களுக்குக் கட்டுப் போட்டிருப்பதால் நான் எழுதுகிறேன். அவர் சொல்லச் சொன்னது: அம்மா அழ வேண்டாம். கடிதம் படிக்கிற அண்ணனுக்கு வணக்கம். அண்ணன் கிடங்கில் இருக்கிறார். கோட்டு இருந்தால் அனுப்பச் சொல்லி அம்மா கேட்க வேண்டும். எனக்கு இனித் தேவையில்லை. மேலே இன்னும் நம் பசங்கள் நிற்கிறார்கள்.

விழுங்காமல் படித்தேன். யாரோ குழாயை நிறுத்தினார்கள்.

"பதில் எழுது," என்றாள்.

சட்டைப் பையில் அந்தப் பேனாதான் இருந்தது. குழாய் மேடையில் தாளை வைத்தேன். அவள் சொல்வதைத் திருத்தமான தமிழாக்கி எழுதுவதுதான் என் வழக்கம். அன்று அவள் சொன்னபடியே எழுதினேன்.

"கோட்டு கீது. இங்கதான் கீது. வெள்ளக்காரன் வந்து எண்ணிப் பாத்தான். ஒண்ணும் கொறையல."

மை காய்வதற்குள் மடிக்கச் சொன்னாள். உறையில் விலாசம் எழுதும்போது, பழக்கத்தில், கை பட்டாளத்தின் எண்ணையே எழுதிவிட்டது. அடித்துவிட்டு ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினேன்.