காதர் பாயின் தோள்

என்னோடு பிசியோதெரபி படித்த அன்புத் தோழிகளே,

சீமையிலிருந்து கப்பலில் வந்த பிசியோதெரபி இதழை நேற்றுதான் படித்தேன். இன்று காலை நேரே மளிகைக்கடை காதர் பாயிடம் போனேன். பக்கவாதத்தில் விழுந்த அவருடைய கையைக் கழுத்தோடு கட்டி, அசைக்கவே கூடாது என்று சொல்லிவந்தவள் நான்.

"பாய், நான் சொன்னது தப்பு. புதுசா வந்த சீமைப் புஸ்தகத்துல போட்டிருக்கு, தோளைத் தினமும் அசைச்சு விடணுமாம். அது இறுகிப்போனதுக்கு நான்தான் காரணம்."

அவர் கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

கையை மெல்லத் தூக்கினேன். வலியில் முகம் சுருங்கியது.

"தூக்குங்கம்மா, பொறுத்துக்கிடுதேன். அடுத்த புஸ்தகம் எப்ப வருது?"

அவிழ்த்த கட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

யார் புதிதாக எதைப் படித்தாலும் அன்றே கோவில்பட்டியில் இருக்கும் எனக்கு எழுதிப் போடுங்கள். இப்படி நான் கையைக் கட்டிவிட்டு வந்த இன்னும் எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமோ!