நான் எண்ணாத எண்ணிக்கை

மார்சிலிங் ரயில் நிலையத்தில் இறங்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. மாலதி காலையில் போய்விட்டாள், மூளையில் ரத்தக்கசிவு என்று எங்கள் மையத்தின் குழுவில் செய்தி. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். இது என்ன நியாயம் என்று பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிங்கப்பூர் தேக்காவில் சிறப்புக் குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி தரும் மையம் எங்களுடையது. ஆறு வயது ஹரிணி தன் தலையில் தானே அடித்துக்கொள்வாள். ஒவ்வோர் அடிக்கும், எண்ணிக்கை காட்டும் கைக்கருவியான கவுண்ட்டரை ‘டிக்’ என்று ஒரு தட்டுத் தட்டுவோம். மாலதியும் நானும் தனித்தனியாக எண்ணி, இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணை நம்பலாம். வாரக்கணக்கில் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. அடி குறைந்துவிட்டது என்று அவள் தலைக்குப் போட்டிருந்த மெத்தைத் தொப்பியைக் கழற்றினோம். மூன்றாம் நாள் நெற்றி கிழிந்து தையல் போட்டார்கள்.

மறுவாரம், பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தபோது மாலதி வேண்டுமென்றே கவுண்ட்டரை மூன்று முறை தட்டினாள். என் தாளிலும் அந்த மூன்று ஏறியிருந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அவளுக்கு ஹரிணியின் இடக்கை தெரியாது. அதைப் பார்க்கத்தான் நான். நானோ தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவள் கவுண்ட்டரின் சத்தம் கேட்கும்போதெல்லாம் தட்டியிருக்கிறேன். இடக்கை அடிகள் இருவர் கணக்கிலும் ஏறவே இல்லை.

“அக்கா, நீங்க ஹரிணிய எண்ணல. என்னை எண்ணிட்டு இருக்கீங்க.”

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் சுட்டது. அன்றே புக்கிட் மேராவில் ஹரிணியின் வீட்டுக்குப் போய், எங்கள் எண்ணிக்கை தப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த அம்மா வாய்க்கு வந்தபடி திட்டினாராம். என் பெயரைச் சொன்னாயா என்று கேட்டேன். வெட்கக்கேடு, முதலில் அதைத்தான் கேட்டேன். சொல்லவில்லை என்றாள்.

பிறகு சத்தம் வராத கவுண்ட்டர்கள் வந்தன. எங்கள் எண்கள் ஒத்துப்போகாமல் முட்டிக்கொண்டன. நான் அலுத்துக்கொண்டால் சிரிப்பாள்: “முட்டட்டும்கா. ரெண்டு பேரும் பாக்குறோம்னு அர்த்தம் லா.”

நேற்று அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். ஹரிணியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“தப்புப் பண்ணுன பொண்ணுதான். ஆனா வீடு தேடி வந்து ஒத்துக்கிச்சு.”

நான் கையை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மாலதியை அறிந்தவர்களே, அந்தத் தப்பு என்னுடையது. சத்தம் போடும் அவளுடைய பழைய கவுண்ட்டரை அவள் மேசையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் வாங்கிய திட்டும் எனக்குச் சேர வேண்டியதுதான். இன்று மத்தியானம் புக்கிட் மேராவுக்குப் போய் அதையும் வாங்கிக்கொள்ளப் போகிறேன்.