கடைசிக் குழுவில் ஓர் இடம்

ஜொகூர் மாநிலத்து லாபிஸுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தின் நடுவில் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் கஸ்தூரி பத்தொன்பது ஆண்டுகளாகக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். மேலிடத்துக்கு அனுப்பும் தகவல் பாரத்தில் எந்தக் கட்டத்தையும் அவர் வெறுமையாக விட்டதில்லை. விட்டால் மேலிடத்திலிருந்து போன் வரும். நிரப்பிவிட்டால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே கணினிகள்: இருபது. அவற்றில் பதினேழைக் கறையான் பயன்படுத்தி வந்தது. நூலகம்: உண்டு. சாவி தொலைந்த ஓர் அலமாரி. இணையம்: உண்டு, கொடிக்கம்பத்தடியில் நின்றால்.

அந்த ஆண்டு பள்ளி வேன் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள். தோட்டக் கோடியில் இருக்கும் ஒன்பது பேர் வேன் இல்லாமல் வரமுடியாது. ஓர் அறக்கட்டளை புது வேன் தருவதாகச் சொன்னது, ஆனால் அந்தப் பாரங்களை வைத்து நடத்தும் ஆய்வில், வசதி மிகக் குறைந்த கடைசிக் குழுவில் வரும் பள்ளிகளுக்கு மட்டும். ஒத்த எண்கள் உள்ள பள்ளிகளைக் கணினியே ஒன்றாகச் சேர்க்கும், மனிதத் தலையீடே கிடையாது என்று ஆய்வாளர் ரூபேந்திரன் பெருமையோடு அறிவித்திருந்தார்.

இருபத்திரண்டு மாணவர், எட்டு ஆசிரியர், கிட்டத்தட்டத் தலைக்கொரு கணினி! ஆய்வுக் கணினி அசந்துபோய், கஸ்தூரியின் பள்ளியை ஜொகூர் பாரு நகரின் வசதியான பள்ளிகளோடு முதல் குழுவில் உட்காரவைத்தது. கஸ்தூரி போனை எடுத்தார்.

“தம்பி, எங்க பள்ளிய வந்து பாத்தீங்களா?”

“தேவையில்ல மேடம். டேட்டாவே எல்லாத்தையும் சொல்லிருச்சு.”

“அலமாக்! அது நான் சொன்னது லா.”

உண்மையான எண்களை அனுப்பினார். “மானத்த வாங்கிட்டீங்களேம்மா” என்று தலைமையாசிரியர் மதிவாணன் இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் ரூபேந்திரன் அழைத்தார்.

“இப்ப உங்க பள்ளி எந்தக் குழுவிலயும் ஒட்டல மேடம். தனியா நிக்கிறத நீக்கிடுவோம்.”

“பின்தங்குறதுக்கும் கூட்டாளி வேணுமா தம்பி?”

வேண்டுமாம். கூட்டாளிகள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது கஸ்தூரிக்குத் தெரியும். பாரம் நிரப்பும் பயிற்சிக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் போயிருந்தார்கள். சாஆ என்னும் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக் கிராணி லோஷினியை முதலில் பிடித்தார்.

“உங்க பள்ளில எத்தன கணினி?”

“பதினெட்டுக்கா.”

“ஓடுறது?”

“ரெண்டு. அதுல ஒண்ணு, மனசு வெச்சா.”

“மாத்தி எழுது.”

“எங்க பெரியவரு கத்துவாருக்கா!”

“கத்தட்டும். இங்க ஒம்போது புள்ளைங்க வீட்ல ஒக்காரப் போகுது.”

வெள்ளிக்கிழமைக்குள் லோஷினியின் பள்ளியோடு சேர்த்து ஆறு பள்ளிகளுக்கு உண்மை பேச வந்துவிட்டது. கூட்டாளிகள் கிடைத்துவிட்டதால் கணினி, கஸ்தூரியின் பள்ளியோடு ஏழையும் சேர்த்துப் புதிய கடைசிக் குழு ஒன்றை அமைத்தது. ஒரே வாரத்தில் ஏழு பள்ளிகள் வறுமையடைந்த காரணம் மேலும் ஆராயத்தக்கது என்று ரூபேந்திரன் தம் அறிக்கையில் எழுதினார்.

வேன் வந்த திங்கட்கிழமை சபைகூடலில் மதிவாணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாணவர்களே, நம் பள்ளி மிகவும் பின்தங்கிய பள்ளிகளில் ஒன்றாகத் தேர்வாகியிருக்கிறது!”

வேனிலிருந்து இறங்கியிருந்த ஒன்பது பிள்ளைகளும் பலமாகக் கைதட்டினார்கள்.