குழாயடியில் இரண்டு பிரஷ்கள்

காலை ஐந்தரை மணி. குழாயடியில் முதலில் என் கண்ணில் பட்டது, என் ஓரகத்தி கலா துப்பிய நுரை. அதில் ரத்தம் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

கலா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றே மாமியார் ஊர்ப் பெண்களிடம் சொன்னார்: "சின்னவ பல்லப் பாரேன், முல்லை மொட்டு மாரி கீது." என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மறுநாளே முரட்டு பிரஷ் ஒன்று வாங்கினேன். அவள் வாய் கொப்பளிக்கும் வரை நானும் தேய்ப்பதை நிறுத்த மாட்டேன். பல வருடங்கள் அப்படியே போயின.

குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கலா துடிக்க ஆரம்பித்ததும், மாமியார் என்னைத் துணைக்கு அனுப்பினார். உத்திரமேரூரில் பஸ் ஏறி காஞ்சிபுரம் போனோம். பல் டாக்டர் கண்ணாடியில் காட்டினார். ஈறு இறங்கி வேர் தெரிந்தது. மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து அங்கே வைத்துத் தைக்க வேண்டும் என்றார்.

"இவ்ளோ அழுத்தித் தேய்க்க யாரும்மா சொன்னது?"

கலா என்னைக் கை காட்டினாள்.

"அக்கா தேய்ச்சிக்கினே இருப்பாங்க சார். நான் மட்டும் எப்டி வுடறது? அண்ணி பல்லு மாரி வருமான்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கினே கீறாரு."

என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். அவளுக்காக வருத்தப்பட வேண்டிய அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பெருமைதான்.

டாக்டர் என்னையும் வாயைத் திறக்கச் சொன்னார். கலாவுக்கு மூன்று பற்களுக்கு ஈறு வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பல்லுக்கு.