எட்டு நிமிடப் படமும் குருநகர் மீனும்

போன ஞாயிறு காலை, பதினொரு வயது மகள் டப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, இதைப் பாக்கட்டோ? வகுப்பில எல்லாரும் பாத்திட்டினம்."

அனிமேஷன் குறும்படம். எட்டு நிமிடம்தான். ஆனால் கீழே 'காதல் கதை' என்று போட்டிருக்கிறதே... விடுவேனா? பெற்றோருக்கென்றே இணையத்தில் வழிகாட்டிகள் இருக்கின்றன. தேடிப் படித்தேன். வன்முறை – இல்லை. கெட்ட வார்த்தை – இல்லை. படத்தில் வசனமே இல்லை. முத்தம் – ஒன்று, கடைசியில்.

"எத்தினை செக்கனாம்?" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அது எழுதியிருக்கவில்லை. ஆகவே நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முத்தம் வரும் நேரம் தண்ணீர் கேட்பது என்று திட்டம்.

படத்தில் மணிக்கூடு திருத்துகிற ஒருவர். எதிரே பேக்கரி, அங்கே ஒரு பெண். அவர் தினமும் போய்ப் பாண் வாங்குகிறார். பேச வாய் வரவில்லை. வாங்கிய பாணைச் சாப்பிடுவதும் இல்லை – புறாக்களுக்குப் போடுகிறார். கூரை முழுக்கப் புறா! கடைசியில் அந்தப் பெண்ணே தெருவைக் கடந்து வருகிறாள், நன்றாக ஓடுகிற மணிக்கூடு ஒன்றைத் திருத்தக் கொடுப்பதற்கு.

முகங்கள் நெருங்கின.

"பிள்ளை, அம்மாக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாறியே?"

"ஓமம்மா, நிப்பாட்டிப்போட்டுப் போறன்."

நிப்பாட்டினாள். சரியாக முத்தத்தில்! அவள் குசினிக்குப் போய்த் திரும்பும்வரை இருவரும் திரையில் அப்படியே அசையாமல்... கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆற அமரப் பார்த்தார்.

மகள் வந்து மிச்சத்தையும் பார்த்தாள். முத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு வேறு யோசனை.

"அம்மா, அவர் சாப்பிடாத பாணை ஏன் வாங்கினவர்? அவவைப் பாக்கவோ?"

"ஓம்."

"அப்ப எங்கடை சித்தியும் அப்பிடித்தான்."

சித்தி என்றால் என் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். வயது முப்பத்தாறு. வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் வேண்டாம் என்றவள். சுத்த சைவம். ஆனால் சனிக்கிழமைகளில் மகளை யாழ்ப்பாணத்துக்குப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போனால், வரும்போது எங்களுக்குக் குருநகரில் மீன் வாங்கி வருவாள். பக்கத்துப் பருத்தித்துறை மீன் வாசல் படலைக்கே வருகிற எங்கள் கரவெட்டியில், குருநகர் மீன் எதற்கு? எங்கள் இருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. பொரித்துச் சாப்பிட்டோம்.

"சித்தியோடை கதைக்கேக்கை அந்த மீன்கடை அங்கிள் தராசைப் பாக்கவே மாட்டார்" என்றாள் மகள்.

குசினியில் சட்டியொன்று விழுந்தது. தங்கை வாசலில் நின்றாள், முகம் வெளிறி.

அப்பா அம்மா இல்லை, நான்தான் மூத்தவள். குருநகர் மீன்கடை என்றால் வேதக்காரர், கிறிஸ்தவ மீன்பிடிக் குடும்பம். ஊர் என்ன கதைக்கும் என்று தெரியாதவளா நான்? கோபம் வரவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தது – ஆள் எப்படிப்பட்டவர் என்று அறியத் துடிக்கிற விடுப்பு!

"எவ்வளவு காலமாய்?"

"நாலு வருஷம், அக்கா."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் நீங்கள் என்ரை சாதகக் குறிப்பைத்தான் கேட்டனீங்கள். என்னை ஒண்டும் கேக்கேல்லை."

பிள்ளை எதைப் பார்க்கிறாள் என்று காவல் இருந்தேன். அதே வீட்டில் நான் எதையெல்லாம் பார்க்காமல் இருந்திருக்கிறேன்! கணவர்தான் சொன்னார்: "அவரை வரச் சொல்லும். ஆளைப் பாப்பம்."

புதன்கிழமை பின்னேரம் வந்தார். ஸ்திரி போட்ட சேட். படலையில் தட்டாமல், கூப்பிடவும் செய்யாமல் அப்படியே நின்றிருக்கிறார். கணவர்தான் கண்டு உள்ளே கூட்டிவந்தார். எங்களுக்கு அப்பா இடத்தில் இருக்கிற பெரியப்பா வரவில்லை. 'கலியாணம் கோயிலிலை இல்லையெண்டால் என்னைக் கூப்பிடாதேங்கோ' என்று போனில் சொல்லிவிட்டார். கோயிலா, சேர்ச்சா, பதிவுத் திருமணம் மட்டுமா – எதுவும் முடிவில்லை. பெரியப்பா வீட்டுக்கு வருகிற ஞாயிறு நான் போகிறேன். ஏச்சு நிச்சயம்.

தேத்தண்ணி கொடுத்ததும் மகள்தான் கேட்டாள்: "அங்கிள், எங்கடை சித்தியை உங்களுக்கு ஏன் விருப்பம்?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ரை கடையிலை மூக்கைப் பொத்தாமல் நிண்டு கதைச்ச ஒரே சைவக்காரி, பிள்ளை."

எல்லோரும் சிரித்துவிட்டோம். தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறந்த நாள் தொட்டு நான் தூக்கி வளர்த்தவள்... வெட்கம் வந்தால் கன்னத்தில் குழி விழும் என்று இப்போதுதான் காண்கிறேன்!