இஷ்பெல் குகையில் வைத்த டப்பா

இஷ்பெல் மெக்கினன் இருபத்தாறு வருஷமாக ஒரு குட்டித் தீவின் படகுத்துறையில் கயிறு பிடிக்கிறவள். கப்பலிலிருந்து வீசுகிற கயிற்றை லபக்கென்று பிடித்துக் கட்டையில் மாட்ட வேண்டும். இதுவரை ஒரு கயிறுகூடத் தவறியதில்லை. அந்தப் பெருமையை யார் பேசுகிறார்கள்? தீவில் இருக்கிற நூற்றுச் சொச்சம் பேருக்கும் அவள் "டப்பாக்காரி"தான்.

காரணம், மேற்குக் கரைக் குகையில் அவள் ஒளித்து வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. உலகம் முழுக்க இப்படி ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தர் டப்பாவை ஒளித்துவிட்டு, இடத்தின் குறிப்பை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, உள்ளே இருக்கிற நோட்டில் பெயர் எழுதுவார்கள். ஒரு பொம்மையை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் ஜெர்மனிக்காரர் வந்தார், ஜப்பான்காரர் வந்தார், பெல்ஜியத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரிகூட வந்தார். தீவுக்காரர் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. "டப்பா தேடுறதுக்கு நான் என்ன பச்சப் புள்ளையா?" என்று தபாலாபீஸில் சிரிப்பார்கள். இஷ்பெல்லும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் மட்டும், ஒரே ஒரு உள்ளூர்ப் பெயர் அந்த நோட்டில் ஏறாதா என்று அவளுக்கு ஏக்கம்.

இந்த ஜூனில் நோட்டுக்கே ஆபத்து வந்தது. வரிசையாக மூன்று பேர் "கிடைக்கவில்லை" என்று இணையத்தில் எழுதிவிட்டார்கள். மூன்றாமவர், "குகையில் ஒன்றுமில்லை, வழியில் வாங்கிய முட்டை அருமை" என்று வேறு எழுதியிருந்தார். டப்பா இருக்கிறதென்று சனிக்கிழமைக்குள் உறுதி சொல்லாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம் என்று விளையாட்டை நடத்துகிறவர்கள் எழுதினார்கள். புது டப்பா வைத்துவிடலாம். பதினோரு வருஷத்துப் பெயர்களுக்கு எங்கே போவது?

சனிக்கிழமை கடல் இறங்கியதும் கிளம்பினாள். குகைப் பாதை தொடங்குகிற முக்கில் லாக்லன் மெக்ஃபீயின் வீடு. அவன் டீ ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான்.

"கடல் ஏறிட்டா உன்னத் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணும்ல?"

"உன் முட்டிக்கு முதல்ல ஆள் பாரு."

சேற்றில் அவன் பூட்ஸ் ஒன்று இரண்டு தரம் கழன்றது. பொடி ஈக்கள் இருவரையும் பாகுபாடில்லாமல் கடித்தன. இஷ்பெல் போனைப் பார்த்துப் பார்த்து நடந்தாள்.

"நீயே வெச்சதுக்குப் போன் எதுக்கு தாயே?"

"விளையாட்டுன்னா விதின்னு ஒண்ணு இருக்குய்யா."

குகைக்குள் கடைசிப் பாறைக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டாள். ஒரு நண்டு இருந்தது. அவ்வளவுதான். அப்படியே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"எவனோ கொண்டு போயிட்டான் லாக்லன். பச்ச மூடி போட்ட டப்பா. உள்ள ஒரு டைனோசர், ஒரு சாவிக்கொத்து..."

லாக்லனின் டீ பாதி வழியில் நின்றது. "மூக்கு ஒடஞ்ச தகரச் சிப்பாய் ஒண்ணு?"

"யோவ்!"

"நான் அதக் கடைன்னு நெனச்சேன், இஷ்பெல்."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தீவில் சாலையோரம் ஒரு பெட்டி இருந்தால் அது கடை. ஆள் இருக்கமாட்டார், முட்டையோ ஜாமோ எடுத்துக்கொண்டு காசை ஜாடியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"யாரோ வியாபாரம் தெரியாத ஜென்மம் குகைக்குள்ள போய்க் கட போட்டிருக்கேன்னு மனசு கேக்கல. ஆள் நடமாட்டம் இருக்கட்டும்னு என் வாசல்ல இருக்கிற முட்டப் பெட்டில கொண்டு வந்து வெச்சேன். நல்லா ஓடுது! டைனோசர் மொத நாளே போயிடுச்சு."

"அந்த வழியாத்தானேய்யா நான் தெனமும் போறேன்!"

போகிறாள்தான். வீட்டில் பன்னிரண்டு கோழி வளர்க்கிறவள் அடுத்தவன் முட்டைப் பெட்டியை ஏன் திறக்கப் போகிறாள்?

ஏறுகிற கடல் காலை நனைக்க, வழி நெடுகத் திட்டிக்கொண்டே திரும்பினாள். பெட்டியைத் திறந்தாள். மிச்சமிருந்த பொம்மைகள் முன்னால் தட்டில். முட்டை அட்டைகளுக்குப் பின்னால் பச்சை மூடி டப்பா.

"நோட்டு எங்க? அடுப்புல போட்டியா?"

"கடக்காரர் நோட்ட நான் ஏன் எரிக்கிறேன்? உள்ளதான் இருக்கு. கண்டெடுத்தவங்க எழுதணும்னு போட்டிருந்துச்சு. எழுதினேன்."

கன்னியாஸ்திரிக்குக் கீழே கோணல் கையெழுத்து: "மே 3. மழை. லாக்லன் மெக்ஃபீ. டப்பா கிடைத்தது. சரக்கு நல்ல சரக்கு, இடம்தான் சரியில்லை."

இஷ்பெல் இரண்டு தரம் படித்தாள். நாக்கு நுனியில் நின்ற வசவு எங்கேயோ போய்விட்டது.

"என்ன, தப்பா எழுதிட்டனா?"

"தேதி மொதக்கொண்டு சரியா இருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்தாள். "டப்பா பத்திரமாக இருக்கிறது. நாளை அதன் இடத்துக்குப் போகும். கடைசியாகக் கண்டுபிடித்தவர் எங்கள் தீவுக்காரர்" என்று எழுதி அனுப்பினாள்.

பிறகு ஜாடியில் காசு போட்டுவிட்டு, லாக்லனின் முட்டையில் அரை டஜன் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.