காலண்டரில் இருபத்தேழு சண்டை

என் மாமியார் ஜெபமணி பெரிய பொறுமைசாலி. நான் சொல்லவில்லை, அவரே சொல்வார், அதுவும் தெருமுனை வரை கேட்கிற குரலில். கொளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து, தலையில் சுமந்து ஊர் ஊராக விற்று மகனை வளர்த்தவர். மாமனார் சிலுவைமுத்து கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஆனபோது அழக்கூட நேரம் கிடைக்கவில்லையாம். திட்டுவதற்கு மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது.

நான் லிஜா, அந்த வீட்டு மருமகள். தேங்காயைக் கொரகொரவென்று அரைத்ததற்கு ஒரு நாள், மைபோல அரைத்ததற்கு மறுநாள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள். பேசாமல் இருந்தால், "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?" பேசினால், "ஒனக்கு வாய் கூடிப்போச்சு கேட்டியா!" நான் எந்த அளவில் வாயைத் திறக்க வேண்டும் என்பதை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

போதும்டா சாமி என்று தனிவீடு கேட்க முடிவு செய்து, கணவரிடமும் சொல்லிவைத்தேன். எங்கள் ஊரில் மாமியார் வழக்கு கோர்ட்டுக்குப் போகாது, பங்குத்தந்தையிடம் போகும். சும்மா போய் அழுதால் ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். ஆதாரம் வேண்டும். அடுக்களையில் தொங்கும் கோவில் காலண்டரில் சண்டை நடந்த தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். எட்டு மாதத்தில் இருபத்தேழு. புனிதர்கள் பாவம், என் வட்டங்களுக்கு இடையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதே காலண்டரில் மாமியாரும் எழுதுவார். என் கணவர் பிரபின் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகும் நாளில் ‘போனான்’. கொச்சியில் கரையேறிப் போன் செய்யும் நாளில் ‘கேறினான்’. நாலைந்து நாளில் மீன் இறக்கி முடித்து வீட்டுக்கு வந்ததும் ‘வந்தான்’. அவ்வளவுதான் அவருடைய எழுத்து.

போன மாதம் படகு செவ்வாய்க்கிழமை கரைக்கு வந்திருக்க வேண்டும். வியாழன் ஆகியும் தகவல் இல்லை. அன்று காலையில் குழம்பில் உப்பு குறைந்ததற்காக மாமியார் என் அம்மாவரைக்கும் இழுத்து ஆடிய ஆட்டத்தில், பக்கத்து வீட்டு பெமிலா பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மதிலோரம் வந்து நின்றாள். இருபத்தெட்டாவது வட்டம் போடப் பேனாவோடு போனேன்.

முந்தைய மாதங்களையும் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. அத்தனை வட்டமும் ‘போனான்’ என்பதற்கும் ‘கேறினான்’ என்பதற்கும் நடுவில்.

ஆகா, மகன் இருந்தால் நல்லவள் வேஷமா என்று எனக்கு ஒரே குஷி. ஆனால் மகன் கொச்சியில் இருந்த நாள்களிலும் வட்டம் இல்லையே! அப்போது பிரபின் வீட்டிலும் இல்லை, கடலிலும் இல்லை; யாருக்காக வேஷம் போட? எனக்குச் சுருக்கென்றது. அந்த வட்டங்களில் பாதி, நான் பாத்திரத்தைப் படாரென்று வைத்துத் தொடங்கிய சண்டைகள். அதற்கு ஆதாரம் சேர்க்க மட்டும் நான் மறந்துபோனேன்.

மாமியார் அடுத்த சுற்றுக்கு அடுக்களைக்குள் வந்தார்.

"மாமி, போட்டு கரைக்கு வர ரெண்டு நாளு பிந்திப்போச்சு இல்லியா?" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் பேடியா இருக்குட்டி மக்களே," என்றார். பயம் என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"எனக்கும்தான் மாமி." அதை நான் சொன்னதும் முதல்முறை. இரண்டு பேரும் உப்பில்லாத குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு அழுதோம்.

மதியம் போன் வந்தது. எஞ்சின் பழுதாம். மாமியார் மூச்சு விடாமல் மகனைத் திட்டிவிட்டு, மிச்சத்தை நான் திட்டட்டும் என்று போனை என்னிடம் நீட்டினார்.

"வந்த ஒடனே பங்குச் சாமியாரப் பாத்துத் தனிவீட்டுக்குப் பேசுவோம், செரியா?" என்றார் பிரபின் பாவமாக.

"வேண்டாம்," என்றேன். "நீங்க கடலுக்குப் போனா, அங்க நான் யாருகூட இருந்து பேடிக்க?"